முகாம் முடிந்த பிறகுதான் வேலை

மாரடைப்பையும் பக்கவாதத்தையும் ஊர் கூடித் தடுக்க முடியுமா என்பதை ஒட்டி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும், அவற்றுக்கு எங்கள் மருத்துவக் குழுவின் பதில்களும்.

எங்கள் குடியிருப்போர் சங்கம் ஆண்டுதோறும் இலவச ரத்த அழுத்தப் பரிசோதனை முகாம் நடத்துகிறது. கூட்டம் நன்றாகவே வருகிறது. ஆனாலும் பக்கவாதம் வந்து படுப்பவர்கள் குறைந்ததாகத் தெரியவில்லை. எங்கே தவறுகிறோம்?

முகாம் நடத்துவதில் தவறில்லை, முகாமோடு நின்றுவிடுவதில்தான் தவறு. கருவியில் தெரியும் எண் யாருடைய ரத்த அழுத்தத்தையும் குறைப்பதில்லை. குறைப்பது சிகிச்சை. அதுவும் வருடக்கணக்கில் விடாமல் தொடரும் சிகிச்சை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. அதைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர்களோ ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான். உங்கள் முகாம் முதல் குறையைத் தீர்க்கிறது. இரண்டாவது குறை அப்படியே இருக்கிறது.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில், கறுப்பின ஆண்கள் முடிவெட்டிக்கொள்ளும் 52 கடைகளில் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2018-ல் வெளியானது. உயர் ரத்த அழுத்தம் உள்ள 319 வாடிக்கையாளர்கள் அதில் சேர்ந்தார்கள். ஒரு பிரிவுக் கடைகளில், உணவை மாற்றுங்கள், மருத்துவரைப் பாருங்கள் என்று முடிதிருத்துபவர் எடுத்துச் சொன்னார். இன்னொரு பிரிவில் மருந்தாளர் கடைக்கே வந்து, மருத்துவர்களோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி மருந்து எழுதிக் கொடுத்து, அளவை மாற்றி, தொடர்ந்து கவனித்தார். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, அறிவுரை மட்டும் கிடைத்தவர்களுக்கு மேல் அளவு (140/90 என்று எழுதும்போது முதலில் வரும் எண்) சராசரியாக 9 புள்ளி இறங்கியிருந்தது. மருந்தும் கிடைத்தவர்களுக்கு 27 புள்ளி. மேல் அளவு 10 புள்ளி குறைந்தாலே பக்கவாத ஆபத்து ஏறத்தாழ கால் பங்கு குறையும் என்பதை நினைத்தால் இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிது என்பது புரியும்.

ஆகவே அடுத்த முகாமுக்கு முன் ஒரு பதிவேடு போடுங்கள். பெயர், தொலைபேசி எண், வயது, எடுத்த அளவுகள், ஏற்கெனவே மாத்திரை உண்டா, மறுபடி அளக்க வேண்டிய தேதி, மருத்துவரைப் பார்த்த தேதி, கடைசியாக எடுத்த அளவு. இவ்வளவு போதும். 140/90-க்கு மேல் வந்தவரை ஒன்று முதல் நான்கு வாரத்துக்குள் மீண்டும் அளந்து பாருங்கள். ஒரே நாள் அளவை வைத்து ஒருவரை நோயாளி ஆக்கிவிட வேண்டாம். 180/110-க்கு மேல் இருந்தால் வாரக்கணக்கில் காத்திருக்காமல் ஓரிரு நாளில் மருத்துவரிடம் சேர்த்துவிட வேண்டும். அத்தகைய அளவோடு நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பார்வை மங்கல், குழப்பம், கை கால் பலவீனம் ஏதாவது சேர்ந்திருந்தால் அந்த நிமிடமே அவசர சிகிச்சை.

பதிவேடு இருவர் கையில் மட்டும் இருக்கட்டும். வரிசையில் நிற்பவர்கள் காதில் விழ அளவைச் சத்தமாகச் சொல்லாதீர்கள். அடுத்த வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்திலேயே பலர் இரண்டாம் முறை வருவதில்லை.

ஆண்டு அறிக்கையில் 'இத்தனை பேரைப் பரிசோதித்தோம்' என்று எழுதுவதை விட்டுவிட்டு, 'அளவு கூடியிருந்தவர்களில் ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் 140/90-க்குக் கீழே வந்தார்கள்' என்று எழுதிப் பாருங்கள். முதல் வருடம் அந்த எண்ணிக்கை மனதைக் கஷ்டப்படுத்தும். ஆனால் அதை எழுத ஆரம்பித்த பிறகுதான் யாரைத் தேடிப் போக வேண்டும் என்பது தெரியும்.

தன்னார்வலராக ரத்த அழுத்தம் அளக்கிறேன். ஒரே ஆளுக்கு முதலில் 158, ஒரு நிமிடத்தில் 144, மறுபடி 138 என்று மேல் அளவு காட்டியது. எதை எழுதுவது? கருவி பழுதா?

கருவி பழுதாக இருக்க வேண்டியதில்லை. முதல் அளவு பெரும்பாலும் கூடுதலாகத்தான் வரும். ஒரு நிமிட இடைவெளி விட்டு மூன்று முறை எடுத்து, முதலாவதை விட்டுவிட்டு, பின்னிரண்டின் சராசரியை எழுதுங்கள். நீங்கள் சொன்னவருக்கு அது 141. கீழ் அளவுக்கும் இதே முறைதான். அவர் மீண்டும் அளக்க வேண்டியவர்கள் பட்டியலில் வருகிறார்.

முகாம்களில் அளவு தப்பாவதற்குப் பெரும்பாலும் அவசரமே காரணம். நடந்து வந்தவரை உட்கார்ந்ததும் அளக்கக் கூடாது. ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். அதற்கு முன்பான அரை மணி நேரத்தில் காபி, புகை, உடற்பயிற்சி கூடாது. சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தாலும் அளவு ஏறும், போய்வரச் சொல்லுங்கள். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் இரண்டும் தரையில் படிந்திருக்க வேண்டும், கால்மேல் கால் கூடாது. கை மேசைமேல், இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். கை கீழே தொங்கினால் 10 புள்ளிகூட ஏறும். அளக்கும்போது பேச்சுக் கொடுத்தாலும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும். நலம் விசாரிப்பதெல்லாம் பட்டையைக் கழற்றிய பிறகு.

பட்டை சட்டைக் கையின்மேல் அல்ல, வெறும் தோலில், அதன் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2–3 செ.மீ. மேலே இருக்கும்படி சுற்ற வேண்டும். சட்டைக் கையை இறுகச் சுருட்டி மேலே தள்ளுவதும் தவறு. அது கயிறு கட்டியதுபோல் கையை இறுக்கும். எல்லாருக்கும் ஒரே அளவுப் பட்டை பொருந்தாது. வழக்கமான பட்டை 27–34 செ.மீ. சுற்றளவுள்ள மேல்கைக்கு. அதைவிடப் பருத்த கையில் அதையே சுற்றினால் 5 புள்ளியிலிருந்து 20 புள்ளி வரை கூட்டிக் காட்டும். மெலிந்த கையில் பெரிய பட்டையைச் சுற்றினால் குறைத்துக் காட்டும், நோய் மறைந்துபோகும். ஒரு அளவுநாடாவும் மூன்று அளவுப் பட்டைகளும் இல்லாமல் முகாம் தொடங்காதீர்கள்.

முதல் தடவை வருபவருக்கு இரண்டு கையிலும் அளந்து, கூடுதலாகக் காட்டும் கையைக் குறித்துவையுங்கள். அடுத்தடுத்த முறை அந்தக் கையில்தான் அளக்க வேண்டும். இரண்டு கைக்கும் 20 புள்ளிக்கு மேல் வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால் ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கலாம், மருத்துவர் பார்க்க வேண்டும். இன்னொன்று: பட்டை சுற்றும் முன் மணிக்கட்டில் நாடியைத் தொட்டுப் பாருங்கள். தாளம் தப்பித் தப்பித் துடித்தால் தானியங்கிக் கருவியின் அளவை முழுதாக நம்ப முடியாது. அதைவிட முக்கியம், அந்தத் தாளப் பிசகு பக்கவாதத்துக்கே ஒரு பெரிய காரணம். அவருக்கு ஈசிஜி எடுக்க வேண்டும் என்று பதிவேட்டில் எழுதுங்கள்.

அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் 126/80 ஆனதும், 'குணமாகிவிட்டது' என்று நிறுத்திவிட்டார். எப்படிப் புரியவைப்பது?

அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: 126 என்பது மாத்திரையோடு சேர்ந்த 126. நிறுத்தினால் சில நாளிலோ வாரங்களிலோ பழைய இடத்துக்கே ஏறிவிடும், ஏறும்போது தலைவலிகூட வராது. உடம்பில் ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் இந்த நோயின் ஆபத்தே. எடை குறைந்து, உப்பும் குறைந்து, அளவு தொடர்ந்து தாழ்ந்தே இருந்தால் மருத்துவரே மருந்தைக் குறைப்பார். அந்த முடிவு அவருடையதாக இருக்கட்டும்.

இதே காரணத்துக்காகத்தான் வீடு வீடாகப் போகும் தன்னார்வலர்களுக்கு ஒரு விஷயத்தை வலியுறுத்துகிறோம். 'மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?' என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். 'போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?' என்று கேளுங்கள், உண்மை வரும். மூன்று நாள் என்றால் திட்டாதீர்கள், காரணத்தைக் கேளுங்கள். தீர்ந்துபோயிற்று, வாங்கப் போக ஆள் இல்லை என்பது மிகச் சாதாரணமான காரணம். அதைத் தீர்க்க அக்கம்பக்கத்தாரால் முடியும். இன்னொரு காரணம் பக்கவிளைவு. அம்லோடிபின் சாப்பிடுபவர்களில் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். எனலாப்ரில் வகை மருந்தில் வறட்டு இருமல் வரும். எழுந்து நின்றதும் தலைசுற்றினால் மருந்தின் அளவு கூடிப்போயிருக்கலாம். இவை எல்லாவற்றுக்கும் மாற்று உண்டு என்று தெரியாமலேயே பலர் மருந்தை விட்டுவிடுகிறார்கள். மூட்டுவலிக்காகத் தொடர்ந்து சாப்பிடும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் ரத்த அழுத்தத்தை ஏற்றும் என்பதும் தெரிய வேண்டும். மாத்திரை போட்டும் குறையவில்லை என்று ஒருவர் சொன்னால், முதலில் அவர் வேறு என்னென்ன மாத்திரை போடுகிறார் என்று பாருங்கள்.

இந்த முறை பலன் தருமா என்று சந்தேகம் வேண்டாம். வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் கிராமப்புறத்தில் 30 பகுதிகளில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்குப் போய் அளந்து, பேசி, தேவைப்பட்டவர்களை மருத்துவரிடம் அனுப்பினார்கள். இரண்டு வருடத்தில் அவர்கள் போன பகுதிகளில் மேல் அளவு, வழக்கமான சிகிச்சை மட்டும் கிடைத்த பகுதிகளைவிடச் சராசரியாக 5 புள்ளி கூடுதலாகக் குறைந்தது. ஒரு ஆளுக்கு 5 புள்ளி சின்னதாகத் தோன்றலாம். ஊர் முழுக்க 5 புள்ளி என்பது பல குடும்பங்களில் பக்கவாதம் வராமல் போவது.

ஐம்பது வயது ஆனவர்கள் எல்லாருக்கும் தினம் ஒரு ஆஸ்பிரின் கொடுத்தால் மாரடைப்பைத் தடுக்கலாம் என்று எங்கள் குழுவில் ஒருவர் சொல்கிறார். வாங்கி விநியோகிக்கலாமா?

வேண்டாம். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கும், ரத்தக் குழாய் அடைப்பால் பக்கவாதம் வந்தவர்களுக்கும் ஆஸ்பிரின் பெரும் பலன் தரும். மற்றவர்களுக்கு வயிற்றிலும் மூளையிலும் ரத்தக் கசிவை உண்டாக்கும் ஆபத்து, கிடைக்கிற பலனைச் சமன் செய்துவிடுகிறது. வயது ஏற ஏற ஆபத்தே மிஞ்சுகிறது. யாருக்கு வேண்டும் என்பதை மருத்துவர் ஆள் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நாற்பது பேர் தங்கியிருக்கும் விடுதியின் சமையலை மேற்பார்க்கிறேன். உப்பைக் குறைக்கச் சொல்கிறார்கள். எவ்வளவு போகிறது என்றே தெரியவில்லை. குறைத்தால் சாப்பிடுபவர்கள் சண்டைக்கு வருகிறார்கள்.

எவ்வளவு போகிறது என்பதைக் கண்டுபிடிப்பது எளிது. மாதத்துக்கு வாங்கும் உப்பை எடை போட்டு, ஆட்களாலும் நாட்களாலும் வகுத்துவிடுங்கள். 40 பேருக்கு 30 நாளில் 12 கிலோ தீர்ந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 10 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. ஆக, உங்கள் இலக்கு மாதம் 6 கிலோவுக்குள். உண்மையில் அதற்கும் கீழே இருக்க வேண்டும், ஏனென்றால் பாக்கெட் தின்பண்டங்களிலும் உப்பில் ஊறிய பதார்த்தங்களிலும் பாட்டில் சாஸ்களிலும் இருக்கும் உப்பு இந்தக் கணக்கில் வரவில்லை. பாக்கெட்டின் மேல் சோடியம் என்று போட்டிருந்தால் அதை 2.5 ஆல் பெருக்குங்கள். உப்பின் அளவு கிடைக்கும்.

ஒரேயடியாகப் பாதியாக்கினால் சண்டை வரத்தான் செய்யும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பத்து சதவீதம் குறையுங்கள், யாரிடமும் சொல்ல வேண்டாம். நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். சமையல்காரர் கைப்பிடியால் அள்ளிப் போடுவதை நிறுத்தி, எடை போட்டு வைத்த உப்பை மட்டும் கொடுங்கள். சாப்பாட்டு மேசையில் இருக்கும் உப்புக் குப்பியை எடுத்துவிடுங்கள். சமைக்கும்போது குறைத்துவிட்டு மேசையில் குப்பியை வைத்திருந்தால் குறைத்ததில் ஒரு பகுதி தட்டிலேயே திரும்பி வந்துவிடும்.

பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு என்று ஒன்று உண்டு. சீனாவில் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரை வைத்து நடந்த ஆய்வில், முக்கால் பங்கு சாதாரண உப்பும் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பைச் சமையலில் சேர்த்தவர்களுக்கு ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. சேர்ந்தவர்கள் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள், அல்லது வயதானவர்களில் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள். ரொம்ப நல்ல பலன்தான், ஆனால் பொதுச் சமையலறைக்கு அதைக் கொண்டுவரும் முன் நிதானம் தேவை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், ஸ்பைரனோலாக்டோன் போலப் பொட்டாசியத்தை உடலில் தேக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே நின்றுபோகலாம். உங்கள் விடுதியில் அப்படி யாரும் இல்லை என்று உறுதியாகத் தெரியாதவரை, சாதாரண உப்பையே குறைத்துப் போடுங்கள்.

பக்கத்து வீட்டு அக்காவுக்குத் திடீரென்று வாய் கோணி, பேச்சு குழறியது. பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. 'சரியாகிவிட்டதே' என்று மருத்துவமனைக்கு வர மறுத்துவிட்டார்கள். விட்டுவிடலாமா?

விடவே கூடாது. இதைப் படிக்கும்போது அவர் இன்னும் மருத்துவரைப் பார்க்கவில்லை என்றால் இன்றே அழைத்துப் போங்கள். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயை உறைந்த ரத்தக் கட்டி ஒன்று அடைத்து, தானாகக் கரைந்துவிட்டது. இதற்கு அடுத்த இரண்டு நாட்கள்தான் முழுப் பக்கவாதம் வரும் ஆபத்து மிக அதிகம். உடனே மருந்து தொடங்கினால் அந்த ஆபத்து பெருமளவு குறையும்.

எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்க நான்கு சொற்கள் போதும்: முகம், கை, பேச்சு, நேரம். சிரிக்கச் சொன்னால் முகம் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கையையும் உயர்த்தச் சொன்னால் ஒன்று சரிகிறதா? ஒரு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் குழறுகிறதா? ஏதாவது ஒன்று இருந்தாலும் ஆம்புலன்ஸ், அப்போதே. திடீரென்று பார்வை போவதும், நிற்க முடியாமல் தள்ளாடுவதும் பக்கவாதமாக இருக்கலாம்.

கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதனால் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, 'கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?' என்பது. கண்டுபிடித்த நேரத்தைச் சொல்லிவிடாதீர்கள், நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்தைச் சொல்லுங்கள். அதைக் கடிகாரம் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அவர் சாப்பிடும் மாத்திரைகளை அப்படியே ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம். விழுங்கும் தசை செயலிழந்திருந்தால் நுரையீரலுக்குப் போகும். ஆஸ்பிரினும் கூடாது. ரத்தக் குழாய் வெடித்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும், வெடித்திருந்தால் ஆஸ்பிரின் கேடு. வீட்டில் இருக்கும் பிரஷர் மாத்திரையைக் கொடுத்து அழுத்தத்தைச் சட்டென்று இறக்குவதும் தவறு. வாந்தி எடுத்தாலோ நினைவு மங்கினாலோ ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்.

உங்கள் சங்கம் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. சுற்றுவட்டாரத்தில் எந்த மருத்துவமனையில் இரவும் பகலும் ஸ்கேனும் இந்த ஊசியும் உண்டு என்று விசாரித்து ஒரு தாளில் எழுதி எல்லா வீட்டுக் கதவின் உட்புறமும் ஒட்டுங்கள். அருகில் இருக்கிறதே என்று ஸ்கேன் இல்லாத இடத்துக்குப் போய், அங்கிருந்து வேறிடம் போவதில் அந்த 4.5 மணி நேரம் கரைந்துவிடுகிறது.

நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவரையும் நிறுத்தச் சொல்ல வேண்டுமா?

ஆம். நாளைக்கு இருபது பிடிப்பவருக்கு இருக்கும் கூடுதல் இதய ஆபத்தில் ஏறக்குறைய பாதி, ஒன்று பிடிப்பவருக்கும் இருக்கிறது. இருபதில் ஒரு பங்குதான் இருக்கும் என்று நினைப்பது தவறு. குறைப்பது நிறுத்துவதற்கான படியாக இருக்கலாம், ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. முழுக்க நிறுத்தினால் ஒரே வருடத்தில் அந்தக் கூடுதல் ஆபத்து பாதியாகிறது.

இப்படி ஊராகச் சேர்ந்து எங்காவது உண்மையில் இதய நோயைக் குறைத்திருக்கிறார்களா?

பின்லாந்தின் வட கரேலியா மாகாணம். 1960-களில் நடுவயது ஆண்கள் மாரடைப்பில் சாவது உலகிலேயே மிக அதிகமாக இருந்த இடங்களில் அதுவும் ஒன்று. 1971-ல் மக்கள் பிரதிநிதிகள் கையெழுத்திட்டு அரசிடம் மனு கொடுத்தார்கள். 1972-ல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவரின் தலைமையில் திட்டம் தொடங்கியது. வெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெய், கொழுப்பு குறைந்த பால், புகையை நிறுத்துவது, ரத்த அழுத்தச் சிகிச்சை என்று நோக்கங்கள் சிலவே. ஆனால் சொல்லிவிட்டுப் போகவில்லை. இல்லத்தரசிகள் சங்கத்தோடு சேர்ந்து புதிய முறையில் சமைத்து, ஊரைக் கூட்டிச் சாப்பிட வைத்தார்கள். உணவு தயாரிப்பவர்களிடம் பேசிக் கொழுப்பையும் உப்பையும் குறைக்கவைத்தார்கள். பால் விற்பனை சரிந்து விவசாயிகள் எதிர்த்தபோது, பெர்ரிப் பழச் சாகுபடிக்கு மாற வழி செய்து கொடுத்தார்கள். நாற்பது ஆண்டுகளில், வேலை செய்யும் வயதிலுள்ள ஆண்களின் மாரடைப்புச் சாவு 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

அதே காலத்தில் பின்லாந்து முழுவதும் சாவு குறைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒப்பிடுவதற்காக வைத்திருந்த பக்கத்து மாகாணமும் அவர்களைப் பார்த்து மாறிவிட்டது. ஆகவே எவ்வளவு இந்தத் திட்டத்தால், எவ்வளவு பொதுவான மாற்றத்தால் என்று பிரித்துச் சொல்வது கடினம். எங்களுக்கு அதில் முக்கியமாகப் படுவது அந்த விவசாயிகளின் கதைதான். யாருடைய பிழைப்பு இடிபடுகிறதோ அவருக்கு வழி காட்டாமல் உணவு மாற்றம் நிலைத்திருக்காது.

நடைப்பயிற்சிக் குழு தொடங்கினோம். முதல் வாரம் முப்பது பேர், இப்போது ஆறு பேர்.

வேகமாக நடப்பவர்கள் முன்னே போய்விடுகிறார்கள், புதியவர்கள் பின்தங்கி, கூச்சப்பட்டு, நின்றுவிடுகிறார்கள். தூரத்தை இலக்காக வைக்காதீர்கள், நேரத்தை வையுங்கள். எல்லாரும் ஒரே இடத்தில் கிளம்பி, அவரவர் வேகத்தில் 15 நிமிடம் நடந்து, விசில் அடித்ததும் இருந்த இடத்திலிருந்தே திரும்பி வரட்டும். வேகமானவரும் மெதுவானவரும் ஏறத்தாழ ஒன்றாக வந்து சேர்வார்கள். வாரம் ஐந்து நாள் அப்படி நடந்தாலே 150 நிமிடம், அதுதான் குறைந்தபட்ச இலக்கு. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வேகம் அந்த அளவு இருந்தால் சரி. நடக்கும்போது நெஞ்சு அழுத்தி, நின்றதும் விடுகிறது என்று யாராவது சொன்னால் மறுநாள் நடக்கவிடாதீர்கள், நேராக மருத்துவரிடம்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஏஇடி என்கிற இதய அதிர்வுக் கருவி வாங்கி அலுவலக அறையில் பூட்டி வைத்திருக்கிறோம். வேறு என்ன ஏற்பாடு வேண்டும்?

முதலில் பூட்டைத் திறங்கள். இதயம் நின்றவருக்கு யாரும் ஒன்றும் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. கடைசி வீட்டிலிருந்து ஒருவரை ஓடவிட்டு, கருவியை எடுத்துக்கொண்டு திரும்ப எத்தனை நிமிடம் என்று பாருங்கள். மூன்று நிமிடத்தைத் தாண்டினால் இடத்தை மாற்றுங்கள். ஒட்டுப் பட்டைகளுக்கும் பேட்டரிக்கும் காலாவதித் தேதி உண்டு; மாதம் ஒருமுறை அந்தத் தேதியையும், கருவி தயார் என்று காட்டும் விளக்கையும் பார்த்துக் கையெழுத்திட ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

கருவி வரும்வரை உயிரைத் தாங்குவது நெஞ்சை அழுத்தும் கைகள்தான். கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு இயல்பாக இல்லை என்றால் தொடங்கிவிட வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: இதயம் நின்றவர் சில நிமிடம் மீன்போல் வாயைத் திறந்து திணறுவார், அதை மூச்சு என்று நினைத்துக் காத்திருப்பார்கள். அது மூச்சு அல்ல. மெத்தையில் அல்லாமல் தரையில் படுக்கவைத்து, நெஞ்செலும்பின் கீழ்ப் பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மற்றக் கையை அதன்மேல் கோத்து, முழங்கை மடங்காமல் 5–6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலே வர விடுங்கள். களைப்பில் அழுத்தம் ஆழம் குறைவது அழுத்துபவருக்கே தெரியாது, அதனால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். குழந்தைகளுக்கும் நீரில் மூழ்கியவர்களுக்கும் இதோடு மூச்சும் ஊத வேண்டும், அதைப் பயிற்சியில் கற்றுக்கொள்ளுங்கள்.

கருவி வந்ததும் நெஞ்சு ஈரமாக இருந்தால் துடைத்து, பட்டையில் இருக்கும் படத்தின்படி வெறும் தோலில் ஒட்டுங்கள். தேவையில்லாதவருக்கு அது அதிர்வு கொடுக்காது, தவறாகப் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். அதிர்வு கொடுத்ததும் நாடி பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே மீண்டும் அழுத்தத் தொடங்குங்கள். கற்ற கை மூன்று முதல் ஆறு மாதத்தில் மறந்துவிடும். ஆகவே வருடத்துக்கு ஒரு முழுநாள் பயிற்சியோடு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் பொம்மையில் அழுத்திப் பழகுங்கள். இரவுக் காவலரையும் வீட்டு வேலை செய்பவர்களையும் கட்டாயம் அதில் சேருங்கள். யாராவது விழும்போது பெரும்பாலும் அருகில் இருப்பவர்கள் அவர்கள்தான்.